ஆலோசகர் ஏன் ஆலோசனை சொல்வதில்லை?

கேள்வியைச் சுருக்கி மேலே வைத்துக்கொள்கிறேன்: "தங்கைக்கு 24 வயது. வேலையை விட்டுவிட்டு ஆறு மாதமாக அறைக்குள்ளேயே கிடக்கிறாள். உறவினர் ஒருவர் சொன்னதால் கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போகிறேன். நாலு வாரம் ஆகிவிட்டது, ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். அந்த மேடம் அறிவுரை எதுவும் சொல்வதில்லை, அவள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிறாராம், மற்ற நேரம் மௌனமாக உட்கார்ந்திருக்கிறாராம். 'வேலைக்குப் போ' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றால் அதையும் சொல்ல மாட்டேன் என்கிறார். இதற்கு எதற்குப் படிப்பு, எதற்குக் காசு? வேறு ஆளிடம் மாற்றிவிடலாமா?"

நியாயமான கேள்விதான். 17 வருடமாக மதுரையில் இந்த வேலை பார்க்கிறேன். என் அறைக்கு வெளியே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதையே கேட்காத அண்ணனோ அம்மாவோ அபூர்வம். உங்கள் தங்கையைப் பார்க்கிறவரை எனக்குத் தெரியாது. அவருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவர் வேலை செய்கிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று நீங்களே கண்டுபிடிக்க வழி உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

குழப்பத்தில் பாதியைப் பெயரே உண்டாக்கிவிடுகிறது. ஆலோசகர் என்று போர்டு மாட்டிக்கொண்டு ஆலோசனை சொல்ல மாட்டேன் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இந்த விஷயத்தில் இலங்கைத் தமிழர்கள் நம்மைவிடப் பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்: உளவளத்துணை. யாழ்ப்பாணப் பக்கம் சீர்மியம் என்ற சொல்லும் புழங்குகிறது. துணை என்றால் நமக்குச் சட்டென்று புரியும். கரண்ட் போன ராத்திரியில் கொல்லைப்புறம் போக வேண்டிய பிள்ளை 'துணைக்கு வா' என்று கூப்பிடும். கூடப் போகிறவர் பிள்ளைக்குப் பதிலாகப் போய்விட்டு வருவதில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். ஆனால் அவர் இல்லாமல் பிள்ளை வாசற்படியைத் தாண்டாது.

'வேலைக்குப் போ' என்பதை இந்த ஆறு மாதத்தில் உங்கள் தங்கை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள்? நீங்கள், அம்மா, அத்தை, கல்யாண வீட்டில் பார்த்த தூரத்து மாமா, எதிர்வீட்டு ஆன்ட்டி. பலிக்கிற பேச்சாக இருந்தால் முதல் மாதமே பலித்திருக்கும். அதையே காசு வாங்கிக்கொண்டு இன்னொருவரும் சொன்னால், உங்களுக்கெல்லாம் சொல்கிற 'சரி, பார்க்கறேன்' என்ற பதிலை அவள் அங்கேயும் சொல்லிவிட்டு வருவாள். உண்மை பேச மிச்சமிருந்த ஓர் இடமும் போய்விடும்.

பலிக்காமல் போவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. சில சமயம் அறிவுரை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். குடிக்கிற ஆட்களிடம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மனைவி இழுத்துக்கொண்டு வருவார். "குடியை விடுங்க, ஈரல் போயிடும்" என்று நான் ஆரம்பித்தேன் என்று வையுங்கள். "மேடம், நான் டெய்லி குடிக்கறவன் இல்ல. என் காசுலதான் குடிக்கறேன். எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் குடிச்சிட்டுத்தான் இருந்தாரு." விடுவதற்கு நான் காரணம் அடுக்க அடுக்க, குடிப்பதற்கு அவர் காரணம் தேடிக்கொண்டே போவார். பிறர் சொல்வதைவிடத் தன் வாயால் சொன்னதைத்தான் மனுஷன் நம்புவான். அரை மணி நேரத்தில் அவரைக் குடிக்கு வக்கீலாக்கி நானே அனுப்பி வைத்திருப்பேன்.

வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சிக்கலைப் பிடித்தார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதைத் தனி முறையாகவே வளர்த்தார். அதில் ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். "குடியை விடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க." "மூணு." உடனே 'ஏன் மூணுதான்?' என்று கேட்கத்தான் நாக்கு துடிக்கும். கேட்டால் மறுபடியும் தாத்தா வந்துவிடுவார். நான் கேட்பது இதை: "ஒண்ணுன்னு சொல்லலையே, ஏன் மூணு சொன்னீங்க?" கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார். "சின்னவ ஸ்கூல்லேர்ந்து வந்தா பக்கத்துல வர்றதில்ல மேடம். வாடை அடிக்குதாம்." இதை நான் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

அறிவுரை வேண்டாம் என்பது ஏதோ சோம்பேறி ஆலோசகர்கள் கண்டுபிடித்த சாக்கு என்று நினைக்காதீர்கள். கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940 டிசம்பர் 11 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு உரை நிகழ்த்தினார். மாணவரைச் சோதித்து, இன்னது செய் என்று வழிகாட்டும் முறைக்கு அந்தப் பல்கலைக்கழகம்தான் அப்போது பேர்போன இடம். அங்கேயே போய், அறிவுரையும் வற்புறுத்தலும் பழைய முறை, பலனில்லாதது என்று பேசினார். மாமியார் வீட்டு விருந்தில் உட்கார்ந்து சாம்பாரைக் குறை சொன்ன மாதிரி. 1942-இல் வந்த புத்தகத்தில் 'நோயாளி' என்ற சொல்லைத் தள்ளிவிட்டு 'கிளையன்ட்' என்று எழுதினார். நாங்களும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறோம். 'வாடிக்கையாளர்' என்று மொழிபெயர்த்தால் மளிகைக் கடை வாசம் அடிக்கிறது.

ராஜர்ஸுக்கு அந்த எண்ணம் வந்ததற்குப் பின்னால் அவரே சொன்ன ஒரு கதை உண்டு. ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் பல வருடம் வேலை பார்த்தார். அடங்காத பையன் ஒருவனின் அம்மா வாராவாரம் வருவார். சிறு வயதில் தாய் அவனை ஒதுக்கியதுதான் மூல காரணம் என்று ராஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை அந்த அம்மாவுக்குப் புரியவைக்க எவ்வளவோ பார்த்தார், முடியவில்லை. கடைசியில் 'நிறுத்திக்கொள்ளலாம்' என்றார். அந்த அம்மாவும் சரி என்று கை கொடுத்துவிட்டுக் கதவு வரை போனார். போனவர் திரும்பி, "இங்கே பெரியவர்களையும் பார்ப்பீர்களா?" என்று கேட்டார். பார்ப்போம் என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்து, தன் கல்யாண வாழ்க்கையில் பட்டதையெல்லாம் கொட்ட ஆரம்பித்தார். அதுவரை சொன்ன 'கேஸ் ஹிஸ்டரி'க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கே வலிக்கிறது என்று வந்தவருக்குத்தான் தெரியும் என்பதை அங்கேதான் கற்றேன் என்கிறார் ராஜர்ஸ்.

எனக்கு இந்தப் பாடம் இவ்வளவு சுலபமாக வரவில்லை. தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) காதலிக்கிறாள். வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்பதையே ஐந்து வாரமாகச் சுற்றிச் சுற்றிப் பேசினாள். ஆறாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "சொல்லிடும்மா, எத்தனை நாளைக்குத்தான் மறைப்பே?" என்றேன். அவள் அப்பா எப்படிப்பட்டவர், சித்தப்பாக்கள் என்ன செய்வார்கள், ஊரில் யாருக்கும் யாருக்கும் என்ன பகை, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஐந்து வாரம் தயங்கியதே அதெல்லாம் தெரிந்ததால்தான். நான் அதைத் துணிச்சல் இல்லாமை என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளி லீவில் போனாள், சொன்னாள். லீவு முடிந்து வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று அறைத்தோழி வந்து சொல்லிவிட்டுப் போனாள். அப்போது என் கேஸ்களைக் கேட்டு வழிநடத்திய மூத்தவர் ஒருவர் இருந்தார். நான் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அன்னிக்கு அவசரம் யாருக்கு? அந்தப் பொண்ணுக்கா, உனக்கா?"

இன்றைக்கும் வாயில் அறிவுரை வந்து நிற்கும்போது இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் அவசரம் என்னுடையதாகத்தான் இருக்கிறது. எதிரில் ஒருவர் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நமக்கு வரும் பதற்றம் இருக்கிறதே, அதைத் தணித்துக்கொள்ள நாம் போடும் மாத்திரைதான் முக்கால்வாசி அறிவுரை.

சரி, அறிவுரை இல்லையென்றால் அந்த 50 நிமிஷத்தில் என்னதான் நடக்கிறது?

முதல் நாள் நான் மனதைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. நம் ஊரில் துக்கம் உடம்பு வழியாகத்தான் வரும். 'மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் காலேஜ் பிள்ளைகள் மட்டும்தான். மற்றவர்களுக்கு 'நெஞ்சு படபடங்குது', 'தலையில பாறாங்கல்லை வெச்ச மாதிரி இருக்கு', 'கை கால் ஓய்ச்சலா இருக்கு'. இதை 'எல்லாம் மனசுதான்' என்று தள்ளுவது பெரிய தப்பு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே அசதியும் மந்தமும் வரும். உங்கள் தங்கைக்கு இந்த ரத்தப் பரிசோதனைகள் எடுத்தாகிவிட்டதா? இல்லையென்றால் இந்த வாரமே எடுங்கள். ஹீமோகுளோபின் ஏழில் இருக்கும் பெண்ணிடம் நான் எத்தனை மணி நேரம் பேசினாலும் அவளுக்கு மாடி ஏறத் தெம்பு வராது.

பிறகு தூக்கம், சாப்பாடு, ஒரு நாள் எப்படிப் போகிறது. கூடவே மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற சின்னக் கேள்வித்தாள். ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும், இருபதைத் தொட்டால் மனநல மருத்துவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த எண்ணை வைத்து நோயை முடிவு செய்வதில்லை. நாலு வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்த்தால் நாங்கள் நகர்கிறோமா, நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்று தெரியும். அதற்குத்தான்.

அடுத்து ரகசியம். இது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். முதல் நாளே நான் சொல்லிவிடுவேன்: இங்கே பேசுவது வெளியே போகாது, வீட்டுக்கும் போகாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சிகிச்சையில் இருப்பவருக்கு இதை உரிமையாகவே தந்திருக்கிறது. விலக்குகளையும் அப்போதே சொல்ல வேண்டும். அவர் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால் நான் வாய் மூடி இருக்க மாட்டேன். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் யாரோ பாலியல் அத்துமீறல் செய்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி நான் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். விருப்பம் என்ற பேச்சே இல்லை. மற்றதெல்லாம் அந்த நாலு சுவருக்குள். அம்மாக்கள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்வார்கள்: "ஒண்ணும் இல்ல மேடம், இவ என்ன சொன்னான்னு மட்டும் சொல்லுங்க, நான் அவகிட்ட கேட்டுக்க மாட்டேன்." நான் சொல்வது ஒரே பதில்: "நீங்க இப்ப போன் பண்ணினதை நாளைக்கு அவகிட்ட சொல்லுவேன்மா, பரவாயில்லையா?" பணம் கட்டுவது நீங்களாக இருக்கலாம். ஆனால் 24 வயதுப் பெண் தன் கேஸுக்குத் தானே சொந்தக்காரி.

பிறகுதான் வேலை. இது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி; கேட்பது மட்டும்தான் நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். நெஞ்சு படபடப்பு வந்து 'ஹார்ட் அட்டாக்' என்று மூன்று தடவை கேஷுவாலிட்டிக்கு ஓடியவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.ஜி. எல்லாம் நார்மல். இங்கிலாந்தின் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கியபடி, அங்கே உடம்பில் ஒரு சாதாரண மாற்றம் வருகிறது. அதை 'செத்துப்போகப் போகிறேன்' என்று மனம் வாசிக்கிறது. அந்தப் பயத்தில் இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. பார்த்தாயா, நிஜம்தான் என்று மனம் முடிவு கட்டுகிறது. 'பயப்படாதே' என்ற அறிவுரை இங்கே எதற்கு ஆகும்? டாக்டரிடம் உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு, அவரை என் மாடிப்படியில் நாலு தடவை வேகமாக ஏறி இறங்கச் சொல்வேன். நானும் கூட ஏறுவேன். மேலே போய் நின்றதும் இரண்டு பேருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். "இப்ப எனக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரி அடிக்குது. எனக்கு ஏன் பயமா இல்ல?" என்று கேட்பேன். நாற்காலியில் சுற்றுவது, ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது என்று இன்னும் சில உண்டு. அந்தப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது தானாக அடங்குவதைப் பத்துத் தடவை பார்த்துவிட்டால் கேஷுவாலிட்டிக்கு ஓடுவது குறைந்துவிடும்.

உங்கள் தங்கையைப் போல அறைக்குள் முடங்கியவர்களிடம் நான் செய்வது வேறு. மனம் சோர்ந்ததால் ஒதுங்குகிறோம். ஒதுங்கினால் நல்லது எதுவும் நடக்க வாய்ப்பில்லை. நடக்காததால் இன்னும் சோர்கிறோம். 'மனசு சரியானதும் வெளியே போறேன்' என்பார்கள். அது நடக்காது, வெளியே போனால்தான் மனசு கொஞ்சம் சரியாகும். 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்றில், எண்ணங்களை அலசும் முழுச் சிகிச்சைக்குச் சமமாக, அன்றாடச் செயல்களைத் திட்டமிட்டுக் கூட்டும் பகுதி மட்டுமே பலன் தந்தது. அப்படியென்றால் 'வேலைக்குப் போ' என்பதும் இதேதானே என்று கேட்பீர்கள். இல்லை. அறைக்கும் ஆபீசுக்கும் நடுவில் நாற்பது படி இருக்கிறது. நீங்கள் கடைசிப் படியைக் காட்டிக் கூப்பிடுகிறீர்கள். நாங்கள் முதல் வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். எந்த மணிக்கு என்ன செய்தாள், அப்போது மனசு பத்துக்கு எத்தனை. சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன பத்து நிமிஷம் மட்டும் இரண்டிலிருந்து நாலாக ஏறியிருக்கும். அதை நான் சுட்டிக்காட்ட மாட்டேன், அவள் கண்ணில் படும் வரை காத்திருப்பேன். பட்டதும், "இதை வாரத்துல எத்தனை நாள் பண்ணலாம்?" "மூணு நாள்." நான் ஐந்து நாள் என்று ஏற்ற மாட்டேன். மூன்று நாள் அவள் வைத்த கணக்கு, அதனால் நடக்கும்.

மௌனத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருபது நொடி யாரும் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். நம் வீடுகளில் அதை 'சாப்பிட்டியா?' என்று நிரப்பிவிடுவோம். பல பேருக்கு முக்கியமான வாக்கியம் அந்த இருபத்தோராவது நொடியில்தான் வருகிறது.

இவ்வளவும் சொன்ன நானே, சில இடங்களில் ஒளிவுமறைவில்லாமல் 'இதைச் செய், இதைச் செய்யாதே' என்று சொல்வேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை, கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிம்மதிப் பெருமூச்சுதான் விடுகிறார்கள். ஆம் என்றால் அன்றைக்கு ராஜர்ஸை ஓரமாக வைத்துவிடுவேன். அவர் சம்மதத்தோடு வீட்டில் ஒருவரை அழைத்து, தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் இன்றே வீட்டை விட்டு அகற்றுங்கள் என்று சொல்வேன். சம்மதம் தராவிட்டாலும் சொல்வேன். கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் செய்வதே உயிரைக் காக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு: சென்னையில் 1986-இல் தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீடுகளில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். நடு ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-உம் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிறவர்களுக்கு: முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அந்த 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது.

கணவன் அடிக்கிறான் என்றால் இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் 'சமாதானம்' பேச மாட்டேன். அறையில் அவள் சொன்னதற்கு வீட்டில் அடி விழும். 181 என்ற பெண்கள் உதவி எண், 2005 குடும்ப வன்முறைச் சட்டம், பாதுகாப்பு அலுவலர், எல்லாவற்றையும் சொல்வேன். போ என்றோ இரு என்றோ சொல்ல மாட்டேன். தகவல் வேறு, அறிவுரை வேறு. தகவலை மறைத்துவைப்பது துணையாகாது. அதேபோல, தினமும் நிறையக் குடித்தவர் ஆவேசத்தில் 'இன்னிக்கே விட்டுட்டேன்' என்றால் கைதட்ட மாட்டேன். முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், குழப்பம் வரலாம், டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்பவரையும், நாலு நாள் தூங்காமல் ஊரையே வாங்கப்போவதாகச் சொல்பவரையும் நேராக மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். கோவிலுக்கோ தர்காவுக்கோ போகிறோம் என்றால் தடுக்க மாட்டேன். சாமியும் கும்பிடுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

இன்னொன்றில் எனக்கும் என் சகாக்கள் சிலருக்கும் சண்டை உண்டு. ராஜர்ஸை எழுத்துக்கு எழுத்து இங்கே கடைப்பிடிக்க முடியாது என்பது என் கட்சி. ஜே.எஸ். நேகி என்ற இந்திய மனநல மருத்துவர் 1973-லேயே எழுதினார்: நம் ஆட்கள் சமமான ஒருவரைத் தேடி வருவதில்லை, ஒரு குருவைத் தேடி வருகிறார்கள், குரு-சீடன் உறவையே சிகிச்சைக்கு ஒரு வடிவமாக எடுத்துக்கொள்ளலாம் என்று. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், குருவாக உட்கார்ந்தால் எனக்கே தலைக்கனம் ஏறிவிடும். ஆனால் உசிலம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அம்மாவை முதல் நாள் வெறும் கேள்விகளோடு திருப்பி அனுப்ப மனம் வராது. தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவதோ, ஒரு மூச்சுப் பயிற்சியோ, கையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்து அனுப்புவேன். உங்கள் தங்கையின் ஆலோசகர் முதல் நாளே அப்படி ஒன்று கொடுத்திருந்தால் உங்கள் கேள்வியே வந்திருக்காதோ என்னவோ. எல்லை விஷயமும் அப்படித்தான். தோட்டத்து மாங்காய் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன், பட்டுச்சேலை என்றால் திருப்பிவிடுவேன். 'அக்கா' என்று கூப்பிடட்டும், ராத்திரி வாட்ஸ்அப்பில் பேச மட்டும் வராது இந்த அக்கா.

இனி, அவர் வேலை செய்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் சொன்னதைத்தான் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்: எதை நோக்கிப் போகிறோம், அதற்கு இங்கே என்ன செய்கிறோம் என்பதில் இரண்டு பேருக்கும் உடன்பாடு, இருவருக்கும் இடையில் ஒரு பிடிப்பு. நாலு வாரம் முடிந்த நிலையில் உங்கள் தங்கைக்கு 'நாங்க இப்ப இதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம்' என்று ஒரு வாக்கியமாவது சொல்ல வர வேண்டும். என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். எதை நோக்கிப் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிகிறதா என்று மட்டும் கேளுங்கள். 'தெரியல' என்றால் உடனே மாற்ற வேண்டாம். அதையே அவள் அந்த மேடத்திடம் கேட்கட்டும். 'நாம எங்க போறோம்னு எனக்குப் புரியல மேடம்' என்று கேட்டதும் முகம் சுளிக்காமல், அதற்கென்றே அன்றைய நேரத்தை ஒதுக்கினால் அவரை விடாதீர்கள். மழுப்பினாலோ, கோபித்துக்கொண்டாலோ மாற்றுங்கள்.

படிப்பையும் கேளுங்கள், கேட்பது தப்பில்லை. ஆலோசகர் என்று போர்டு மாட்ட நம் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. வார இறுதிச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. மருத்துவ உளவியலாளர் என்றால் 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். முதுகலை உளவியலோ சமூகப்பணியோ படித்து, தன் கேஸ்களை மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பேசுகிற ஆலோசகரும் நல்லவரே. மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. 1,200 ரூபாய் பாரமென்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், காசு கிடையாது. கூட்டம் இருக்கும், நேரம் குறைவாகக் கிடைக்கும்.

மாற்றுவதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். நிறுத்துவதாக இருந்தாலும் போகாமல் நின்றுவிட வேண்டாம், கடைசியாக ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு சந்திப்பில் மனம் மாறித் தொடர்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறாவது ஏழாவது வாரத்தில் அந்த மேடம் 'வீட்டிலிருந்து யாராவது வர முடியுமா' என்று கேட்கக்கூடும். கேட்டால் நீங்கள் போங்கள், அம்மாவை மட்டும் அனுப்பாதீர்கள். அதுவரை, பைக்கில் திரும்பி வரும்போது "என்ன சொன்னாங்க?" என்பதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். வழியில் டீக்கடை இருந்தால் வண்டியை ஓரங்கட்டலாம். அவள் பேசினாலும் சரி, டீயை மட்டும் குடித்தாலும் சரி.